‘எங்கேயோ’ என்றால் எங்கே?

உடல்நலச் செய்திகளை இணையத்தில் தேடுவது பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். ஒரு வரிக்கு இத்தனை கடிதமா என்று ஆசிரியர் குழுவே அசந்துபோனது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று கேட்ட கடிதங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு உங்கள் மருத்துவர் இருக்கிறார். தகவல் எங்கே கிடைக்கும், கிடைத்ததை எப்படிப் படிப்பது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில். யார் பெயரையும் போடவில்லை. அவரவர் தமக்கு வைத்துக்கொண்ட அடையாளம் போதும்.

கேள்வி: அம்மா, தினமும் ஏழெட்டு உடல்நல எச்சரிக்கைகள் வாட்ஸப்பில் வருகின்றன. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– மூன்று குடும்பக் குழுக்களில் இருப்பவர்

பதில்: நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நூலகத்தில் ஒரு சுவர் முழுக்க ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தொகுதிகள் இருந்தன. மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கான அட்டவணை அது. 1879இல் தொடங்கியது. ஒரு தொகுதியைத் தூக்கி மேசையில் வைத்தால் மேசை ஆடும். பேராசிரியர் யாராவது வந்து, “இதைப் பற்றி எங்கேயோ படித்தேன்...” என்று ஆரம்பித்தால், எங்கள் தலைமை நூலகர் பாதியிலேயே நிறுத்தி, “எங்கேயோ என்றால் எங்கே?” என்று கேட்பார். அவருக்கு அது பழக்கம். கேட்கப்பட்டவருக்குக் கோபம் வரும். ஆனால் அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

வாட்ஸப் செய்திக்கும் அதே கேள்விதான். 2020இன் தொடக்கத்தில் யுனிசெஃப் பெயரைப் போட்டு ஒரு செய்தி உலகம் முழுக்க, பல மொழிகளில் சுற்றியது. கொரோனா வைரஸ் உருவத்தில் பெரியது, 400 முதல் 500 மைக்ரோ இருக்கும், அதனால் எந்த முகக்கவசமும் அதைத் தடுத்துவிடும், ஐஸ்க்ரீம் சாப்பிடாதீர்கள் என்றெல்லாம் இருந்தது. அந்த வைரஸின் உண்மையான அளவு ஏறத்தாழ 0.1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இதை நாங்கள் சொல்லவே இல்லை என்று யுனிசெஃப் மறுப்பு வெளியிட்டது. மறுப்பு போய்ச் சேர்வதற்குள் செய்தி எத்தனை வீட்டுக்குள் நுழைந்ததோ!

நான் செய்வது இதுதான். செய்தியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய் அங்கே அது இருக்கிறதா என்று பார்ப்பேன். தேடுபொறியில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த இணையதளத்தின் முகவரியைப் போட்டு, அப்புறம் தேட வேண்டிய சொல்லைப் போட்டால், அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடித் தரும். அரை நிமிட வேலை. உலக சுகாதார நிறுவனம் சொன்னதாக வந்த விஷயம் அவர்கள் தளத்தில் எங்குமே இல்லையென்றால், அது அவர்கள் சொன்னதல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

முகவரியின் வாலையும் பாருங்கள். ‘டாட் ஆர்க்’ என்று முடிந்தாலே தொண்டு நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பணம் கட்டினால் யாரும் வாங்கலாம். மருந்து விற்பவரும் வாங்கலாம். ‘டாட் இன்ட்’ அப்படியில்லை. நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் முகவரி அப்படித்தான் முடிகிறது. அரசுத் தளங்களின் வாலும் அந்தந்த அரசின் கட்டுப்பாட்டில் இருப்பது.

இன்னொன்று, தேதி. செய்தி உண்மையாகவே இருக்கும், ஆனால் 6 வருடம் பழையதாக இருக்கும். பொய்ச் செய்தியைவிட இந்தப் பழைய உண்மைச் செய்திதான் என்னை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. ஒருமுறை ஒரு பயிற்சி மருத்துவருக்கு அவசரமாகச் சிகிச்சை வழிகாட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “மேடம், இதற்கப்புறம் இரண்டு பதிப்பு வந்துவிட்டதே” என்றார். அன்றைக்கு எனக்கு 20 வருட அனுபவம்!

கேள்வி: எங்காவது புதிய நோய் பரவுகிறது என்றால் தொலைக்காட்சியில் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள இடம் இருக்கிறதா? பதற்றமில்லாத மொழியில் இருந்தால் நல்லது.
– அடிக்கடி பயணம் போகிறவர்

பதில்: இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில், உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் ‘டிசீஸ் அவுட்பிரேக் நியூஸ்’. 1996 முதல் வருகிறது. எந்த நாட்டில், எந்த நோய், எத்தனை பேர், எத்தனை பேர் ஆய்வகத்தில் உறுதியானவர்கள், எத்தனை பேர் சந்தேகத்துக்குரியவர்கள் என்று பிரித்துச் சொல்வார்கள். பெரும்பாலோர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் கீழே இறங்கி, ஆபத்து மதிப்பீடு என்ற பகுதிக்குப் போங்கள். உள்ளூரில் எவ்வளவு, அந்த வட்டாரத்தில் எவ்வளவு, உலக அளவில் எவ்வளவு என்று தனித்தனியே எழுதியிருப்பார்கள். உள்ளூரில் அதிகம், உலக அளவில் குறைவு என்று இருக்கும். அதையே ஒரு செய்தித் தலைப்பு ‘உலகை மிரட்டும்’ என்று எழுதியிருக்கும். பயணம் பற்றி அந்த நிறுவனம் என்ன சொல்கிறது என்பதும் அதே பக்கத்தின் கடைசியில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது, ‘புரோமெட்’. 1994இல் மின்னஞ்சல் வழியாகத் தொடங்கிய சேவை. உலகெங்கும் உள்ள மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், ஆய்வாளர்கள் தாங்கள் கேள்விப்பட்டதை அனுப்புவார்கள். துறை தெரிந்த ஆசிரியர்கள் பார்த்து, தங்கள் குறிப்பையும் சேர்த்து வெளியிடுவார்கள். வூஹானில் காரணம் தெரியாத நிமோனியா என்ற தகவல் 2019 டிசம்பர் 30 அன்றே அதில் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் முதல் செய்திக்குறிப்பு 2020 ஜனவரி 5. ஆறு நாள் வித்தியாசம். ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு: முதலில் வருவதில் வதந்தியும் கலந்திருக்கலாம். அதனால்தான் அந்த ஆசிரியர்கள் ‘மேலும் தகவல் வேண்டும்’ என்று கேட்டே பல பதிவுகளை வெளியிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குறியோடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் தங்கம்.

மூன்றாவது, ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையத்தின் வாராந்தர அறிக்கை. வெள்ளிக்கிழமைதோறும் வரும். பெயர்தான் ஐரோப்பா, உலகில் எங்கே எது பரவினாலும் அதில் எட்டிப் பார்க்கும். அலங்காரமே இல்லாத எழுத்து. நீங்கள் கேட்ட பதற்றமில்லாத மொழி இதுதான்.

அப்புறம் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிடும் வார இதழ், ‘எம்எம்டபிள்யூஆர்’ என்பார்கள். 1981 ஜூன் 5ஆம் தேதி இதழைப் பிற்பாடு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் டெங்கு. அதைத் தாண்டினால், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றி ஒரு சிறு குறிப்பு. ஐவரில் இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். எய்ட்ஸ் பற்றி உலகில் வெளியான முதல் மருத்துவக் குறிப்பு அது. எந்த ஆச்சரியக்குறியும் இல்லாமல், சாதாரண எழுத்தில், இரண்டாவது செய்தியாக. பெரிய செய்தி பிறக்கும்போது இப்படித்தான் சத்தமில்லாமல் பிறக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரம் எவ்வளவென்று எனக்கே தெரியாது.

கணினியே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். மக்கள் என்ன தேடுகிறார்கள் என்பதை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008இல் ‘கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்’ வந்தது. 2012–13 காய்ச்சல் பருவத்தில் அது காட்டிய அளவு, சிடிசி கணக்கைப்போல் இரு மடங்குக்கும் மேல். 2015இல் மூடிவிட்டார்கள். காய்ச்சலைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாம் காய்ச்சலைப் பற்றித் தேடுவார்கள்தானே. ஊரெல்லாம் தேடுகிறது என்பதற்காக ஊரெல்லாம் படுத்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: நான் சாப்பிடும் மாத்திரையால் ஒரு ஆபத்து இரு மடங்காகிறது என்று படித்தேன். பயந்து நிறுத்திவிட்டேன். செய்தது சரியா?
– நிறுத்திவிட்டு யோசிப்பவள்

பதில்: மாத்திரை பற்றி இன்றைக்கே மருத்துவரிடம் பேசிவிடுங்கள் தங்கச்சி, இந்தப் பதிலை முடிப்பதற்குள் போன் போட்டாலும் சரி. நான் அந்த ‘இரு மடங்கு’ பற்றி மட்டும் பேசுகிறேன்.

1995 அக்டோபரில் பிரிட்டனில் ஓர் எச்சரிக்கை வந்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்த நாளத்தில் உறைகட்டி வரும் ஆபத்து இரு மடங்காகிறது என்று. ஏராளமான பெண்கள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. சரி, அந்த இரு மடங்கு எவ்வளவு? பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதிய வகையில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. அவ்வளவுதான். கருத்தரிப்பதாலேயே உறைகட்டி வரும் ஆபத்து இதைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை.

அதனால் ‘மடங்கு’, ‘சதவீதம் அதிகரிப்பு’ என்று எங்கே பார்த்தாலும், “எத்தனை பேரில் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். மூலக் கட்டுரையில் அந்த எண் இருக்கும். செய்தியில் இல்லையென்றால், எழுதியவர் மூலக் கட்டுரைவரை போகவில்லை என்று நான் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான், தெரியும்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. 2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு பற்றி ஒரே நாளில் இரண்டு முடிவுகள் வந்தன. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை, ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் அதைச் சேர்த்தது. உணவுச் சேர்க்கைகளுக்கான வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்வரை உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. 70 கிலோ எடையுள்ளவர் வேறு எதிலும் அதை உட்கொள்ளாவிட்டால், தினமும் 9 முதல் 14 டின் டயட் பானம் குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். இரண்டும் முரண் என்று பலர் கேலி செய்தார்கள். முரணே இல்லை. முதல் குழு கேட்ட கேள்வி, ‘இதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவானது?’ இரண்டாவது குழு கேட்டது, ‘எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து?’ கேள்வி வேறு, பதில் வேறு.

கேள்வி: ‘ஆய்வில் நிரூபணம்’ என்று வருகிறதே, நம்பலாமா?
– சுருக்கமாகச் சொல்லுங்கள் என்பவர்

பதில்: எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வை மனிதருக்கும் பொருந்துவதுபோல் மிகைப்படுத்தியவை 36 சதவீதம். மூலத்தில் இருந்ததைவிட ஒரு படி கூட்டி அறிவுரை சொன்னவை 40 சதவீதம். ஆக, கதை விடுவது பத்திரிகைக்காரர் மட்டும் என்று நினைத்திருந்தால், பாவம், அவரை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே அது தொடங்குகிறது.

‘ப்ரீபிரிண்ட்’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு வல்லுநர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைப்பது அது. 2019இல் தொடங்கிய ‘மெட்ஆர்கைவ்’ போன்ற தளங்களில் அப்படித்தான். அந்தத் தளமே மேலே எச்சரிக்கை போட்டிருக்கும். செய்தியாக எழுதும்போது அந்த எச்சரிக்கை மட்டும் காணாமல் போய்விடும்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். ‘பப்மெட்’ பாருங்கள் என்று வகுப்பில் சொல்கிறார்கள். உள்ளே போனால் 40,000 முடிவுகள் வருகின்றன. வெளியே வந்துவிடுகிறேன்.
– இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: வெளியே வராதே மகளே. நான் சொன்னேனே, சுவர் முழுக்க இருந்த தொகுதிகள், அவற்றின் பேத்திதான் இந்தப் பப்மெட். 1997 ஜூனில் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்தார்கள். இன்றைக்கு 3.5 கோடிக்கும் மேலான பதிவுகள். அச்சுத் தொகுதி 2004 இறுதியோடு நின்றுபோனது. நின்ற நாளில் எங்கள் நூலகத்தில் யாரும் கவனிக்கக்கூட இல்லை, தூசி தட்டும் அம்மாவைத் தவிர. “இனிமே புதுசு வராதா?” என்று அவர்தான் கேட்டார்.

சொல்லைத் தட்டியதும் இடது பக்கம் வடிகட்டிகள் இருக்கும். அங்கே ‘சிஸ்டமேடிக் ரிவ்யூ’ என்பதைத் தேர்ந்தெடு. ஒரே கேள்வி பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து எடைபோட்ட கட்டுரைகள் மட்டும் வரும். கடந்த 5 ஆண்டுகள் என்று இன்னொரு வடிகட்டி. முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவை மட்டும் என்று மூன்றாவது. 40,000 என்பது 40 ஆகிவிடும், பார். அதில் ஒன்று உனக்குச் சரியாகப் பொருந்தினால், அதன் பக்கத்திலேயே அதுபோன்ற கட்டுரைகளின் வரிசையும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போ.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதே. சுருக்கத்தின் கடைசி வரியில் எழுதியவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். உள்ளே ‘குறைபாடுகள்’ என்ற பத்தியில்தான் வீட்டு உடையில் இருப்பார்கள். பதிவுக்கு மேலே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்புப் பட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட, ‘லான்செட்’ மருத்துவ இதழின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதைத் திரும்பப் பெற 2010 ஆனது. இன்னமும் அதை யாராவது காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் படிப்பேன். தமிழில் எதுவுமே இல்லையா?
– கடிதத்தை மகனைக் கொண்டு எழுதாமல் நானே எழுதியவன்

பதில்: ஐயா, உங்கள் கையெழுத்து அழகு. இந்தக் கேள்விக்கு முழுதாகச் சந்தோஷப்படும் பதில் என்னிடம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். தமிழ் அதில் இல்லை. ஆனால் ‘காக்ரேன்’ என்ற அமைப்பு இருக்கிறது. 1993இல் தொடங்கியது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவதே அவர்கள் வேலை. ஒவ்வொரு ஆய்வுக்கும் எளிய மொழிச் சுருக்கம் எழுதுகிறார்கள். அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் இருக்கிறது. அவர்கள் தளத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். நடை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆனால் பொய் இருக்காது.

ஆங்கிலத்திலேயே எளிமையானது வேண்டுமென்றால் ‘மெட்லைன்பிளஸ்’. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, விளம்பரமே கிடையாது. சின்னச் சின்ன வாக்கியங்கள். இயந்திர மொழிபெயர்ப்புக்குப் போட்டாலும் அதிகம் கெடாது.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. சோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்பது ‘நேர்மறை’ என்று வரும். நேர்மறை என்றால் நல்லது என்று சந்தோஷப்பட்டு எனக்குப் போன் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். தேடியது இருக்கிறது என்பதுதான் பொருள்; அது நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. நோயின் பெயர், மருந்தின் பெயர், முடிவு, இந்த மூன்றையும் மூல மொழியிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கேள்வி: அரசாங்கத் தரவுத்தளத்திலேயே தடுப்பூசியால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதாக இருக்கிறதே? அதுவும் பொய்யா?
– விடாமல் கேட்பவர்

பதில்: பொய் இல்லை. நீங்கள் படித்தது அமெரிக்காவின் ‘வேர்ஸ்’ பதிவேடாக இருக்கும். 1990 முதல் இருக்கிறது. தடுப்பூசி போட்ட பிறகு உடம்புக்கு என்ன நேர்ந்தாலும் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பிறகு நேர்ந்ததா, அதனால் நேர்ந்ததா என்று அது சொல்லாது. ஒரு மருத்துவர் சோதித்துப் பார்க்க, ‘ஃப்ளூ தடுப்பூசி போட்டதும் ஹல்க் ஆகிவிட்டேன்’ என்று, காமிக்ஸில் வரும் பச்சை ராட்சசன் பெயரைப் போட்டு எழுதி அனுப்பினார். பதிவாகிவிட்டது! பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்து, அவர் சம்மதத்தோடு நீக்கினார்கள். புகைவாசனை வந்தால் அடிக்கும் மணிபோல அது. மணி அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும். மணி அடித்ததே தீ என்று எழுதக்கூடாது.

கேள்வி: அரசுத் தளங்களை நம்புங்கள் என்கிறீர்கள். அரசு மாறினால் பக்கங்களும் மாறுகின்றனவே?
– பழைய பத்திரிகை வாசகர்

பதில்: நல்ல இடத்தில் தொட்டீர்கள் சார். இந்தக் கேள்வியை ஐந்து வருடம் முன்பு கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்திருப்பேன். 2025 ஜனவரியில் சிடிசி தளத்திலிருந்து பல பக்கங்கள் எடுக்கப்பட்டன. சிலவற்றை நீதிமன்றம் சொல்லித் திரும்ப வைத்தார்கள். நான் மேலே புகழ்ந்தேனே அந்த வார இதழ், அது அந்த மாதக் கடைசியில் இரண்டு வாரம் வரவில்லை. 60 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்காமல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்பது சான்றின் அடிப்படையிலான கூற்றல்ல என்று அவர்கள் பக்கம் மாற்றி எழுதப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2019இல் வெளியிட்ட ஆய்வு அப்படியே இருக்கிறது. ஆய்வு மாறவில்லை, பக்கம் மாறியது.

அதனால் நான் ஒரே கடையில் வாங்குவதை விட்டுவிட்டேன். முக்கியமான விஷயம் என்றால் ஒரு நாட்டின் சுகாதாரத் துறை, ஒரு சர்வதேச அமைப்பு, ஒரு சிஸ்டமேடிக் ரிவ்யூ என மூன்று இடம் பார்க்கிறேன். மூன்றும் ஒத்துப்போனால் சரி. ஒன்று மட்டும் தனியாக நின்றால், அது ஏன் என்று பார்க்கிறேன். சில நேரம் அதுதான் புதிய சான்றோடு முன்னால் போயிருக்கும், சில நேரம் யாரோ பின்னால் இழுத்திருப்பார்கள். பக்கம் முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க ‘வேபேக் மெஷின்’ இருக்கிறது. முகவரியைப் போட்டுத் தேதியைத் தேர்ந்தெடுத்தால் பழைய பக்கம் எழுந்து வரும்.

முத்திரையை நம்பும் பழக்கத்தையும் விடுங்கள். உடல்நலத் தளங்களுக்கு ‘ஹான்கோட்’ என்று ஒரு தரமுத்திரை இருந்தது. அதை வழங்கிய ஜெனீவா அறக்கட்டளை 2022 டிசம்பரில் அந்தச் சேவையை முடித்துக்கொண்டது. முத்திரையை எங்காவது இன்னமும் பார்த்தால், அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆதாரத்தோடு பதில் தருகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு அலைச்சல்?
– இளைஞன்

பதில்: அந்த ஆதாரத்தின் தலைப்பைப் பப்மெட்டில் போட்டுப் பாருங்கள் தம்பி. இருந்தால், கட்டுரை அதைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் போட்டுத் தந்ததை நானே பார்த்திருக்கிறேன். ‘எங்கேயோ’ என்று சொல்லாமல், இல்லாத ஓர் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. எங்கள் தலைமை நூலகருக்கு இப்படி ஒரு ஆளைச் சமாளித்த அனுபவம் இல்லை.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு என் அறிகுறியைத் தேடினேன். காலையில் எனக்கு நான்கு நோய்கள்.
– தூங்காதவர்

பதில்: எனக்கும் ஒருமுறை ஐந்து வந்தன. கையில் ஒரு கட்டி. 31 வருட அனுபவமும் அன்றைக்கு எனக்குத் துணைக்கு வரவில்லை. தேடுபொறிக்கு உங்கள் வயது தெரியாது, எத்தனை நாளாக என்று தெரியாது, தொட்டுப் பார்க்கவும் முடியாது. மேலே நான் சொன்ன எல்லாத் தளங்களும் பல பேரைப் பற்றிப் பேசுபவை. ஒருவரைப் பார்த்துச் சொல்பவை அல்ல. இருட்டிய பிறகு நான் தேடுவதில்லை. கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கைகால் விழுவது போன்றவை வேறு. அப்போது தேடவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

கேள்வி: தவறான செய்தி என்று தெரிந்தும், அனுப்பியவர் வீட்டுப் பெரியவர் என்பதால் குழுவில் எதுவும் சொல்ல முடியவில்லை. என்ன செய்வீர்கள்?
– மருமகள்

பதில்: குழுவில் ஒன்றும் சொல்லாதீர்கள்மா. நான் ஒருமுறை சொன்னேன். எங்கள் பெரிய மாமா அனுப்பியதற்கு அங்கேயே மூன்று பத்தி மறுப்பு, ஆதாரங்களோடு. இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. செய்தியை மட்டும் இன்னும் அதிகமாக அனுப்பினார். அத்தை சமாதானம் செய்து வைத்த பிறகு வழியை மாற்றினேன். தனியாகப் போன் செய்து, “மாமா, இது நல்ல விஷயமாக இருக்கிறதே, எங்கே வந்தது? எனக்கும் வேண்டும்” என்று கேட்டேன். கிண்டல் இல்லாமல், நிஜமாகவே கேட்டேன். அவர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. “யாரோ அனுப்பினார்கள்” என்றார். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

இப்போதெல்லாம் குழுவில் போடும் முன் எனக்குத் தனியாக அனுப்பிவிடுகிறார். ‘இதைப் பார்த்துச் சொல்’ என்று. விடியற்காலை 5 மணிக்கு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்திருக்கிறது, கூடவே அவர் கைப்பட ஒரு வரி: ‘எங்கே வந்தது என்று தேடினேன், 2017 என்று போட்டிருக்கிறது, பரவாயில்லையா?’